ஸ்கோர் முக்கியமில்லாத மேட்ச்சுக்கு எதுக்குப் போகணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில இடங்களைப் படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)



ஜூன், ஜூலை வந்தாலே ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஒரு வெறுமை வந்துடும். உலகக் கோப்பையோ யூரோவோ இல்லாத வருஷம்னா கேட்கவே வேண்டாம். யார் எந்த கிளப்புக்குப் போறாங்கன்னு ட்ரான்ஸ்ஃபர் வதந்திகளை ஸ்க்ரோல் பண்ணியே பொழுது போகும். பெரிய கிளப்புகள் எல்லாம் அமெரிக்கா, ஆசியான்னு டூர் கிளம்பிடும்.

அதே ஜூலையில் இங்கிலாந்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது. நம்ம டிவியில் வராது, ஃபேன்டஸி லீக்கில் ஒரு பாயின்ட்டும் கிடைக்காது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன கிளப்புகள் ப்ரீ-சீசன் ஃப்ரெண்ட்லி ஆடுகின்றன. அந்த முடிவுகள் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான். இருந்தும் ஆளுங்க காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போறாங்க. ஏன்? லண்டனில் இருந்தப்ப ஒரு ஜூலை சனிக்கிழமை நானும் அப்படி ஒரு மேட்ச்சுக்குப் போனேன். அதைப் பத்தியும், அப்படிப்பட்ட ஒரு ஃப்ரெண்ட்லி ஒரு கிளப்பையே உயிரோடு நிறுத்தின கதையைப் பத்தியும்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதலில், நான்-லீக்னா என்ன?

பேரைக் கேட்டா லீக்கே இல்லாத கிளப்புன்னு தோணும். அப்படி இல்லை. 1888-ல் தொடங்கிய ‘ஃபுட்பால் லீக்’ என்ற அமைப்புக்கு வெளியே இருப்பவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். இன்றைய கணக்கில் பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றிலும் சேர்த்து 72. மொத்தம் 92. இந்த 92-க்குக் கீழே இருக்கிற எல்லாமே நான்-லீக்.

ஐந்தாவது அடுக்கு நேஷனல் லீக், 24 கிளப். ஆறாவது அடுக்கில் வடக்கு, தெற்குன்னு ரெண்டா பிரியும். ஏழாவதில் நாலு பிரிவு. கீழே போகப் போக கோபுரத்தோட அடிப்பகுதி மாதிரி விரிஞ்சுக்கிட்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே பயணச் செலவு கட்டுப்படியாகாது என்பதால் பக்கத்து ஊர்களோடுதான் ஆடுவாங்க.

இதில் ஒரு அழகு, எல்லா அடுக்குக்கும் நடுவில் படிக்கட்டு இருக்கு. தொடர்ந்து ஜெயித்தால் கொள்கை அளவில் ஒரு பேட்டை கிளப் பிரீமியர் லீக் வரைக்கும் ஏறலாம். ஆனால் மேலே இருக்கிற கதவு ரொம்ப நாள் பூட்டியே இருந்தது. 1987-ல்தான் நான்-லீக் சாம்பியன் தானாகவே ஃபுட்பால் லீக்குக்குள் நுழையும் வழி வந்தது. அதற்கு முன்னாடி, உள்ளே இருக்கிற கிளப்புகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு.

ஆட்டக்காரர்களும் அப்படித்தான். ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் ஆடிக்கிட்டே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2012-ல் நான்-லீக்கில் இருந்து நேராக லெஸ்டர் சிட்டிக்குப் போனார். 2016-ல் பிரீமியர் லீக் சாம்பியன். இந்த மாதிரி கதை லட்சத்தில் ஒண்ணுதான். ஆனால் ஒவ்வொரு ஜூலையும் ஏதோ ஒரு மைதானத்தில் ஷூ லேஸைக் கட்டுகிற ஒவ்வொரு பையனுக்கும் அந்தக் கதை தெரியும்.

ஃப்ரெண்ட்லினா ஜாலி மேட்ச்சா?

பார்க்கிறவங்களுக்கு ஜாலி. ஆடுறவங்களுக்கு அப்படி இல்லை. ஒரு சின்ன கிளப்புக்கு இந்த மேட்ச்சால் மூணு காரியம் நடக்கணும்.

ஒண்ணு, உடம்பு. ஏழாவது, எட்டாவது அடுக்கில் பெரும்பாலானவங்க பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எலெக்ட்ரீஷியன், பள்ளிக்கூட ஆசிரியர், டெலிவரி வேன் ஓட்டுநர். வாரத்தில் ரெண்டு மாலை பயிற்சி. ஆகஸ்டில் சீசன் தொடங்குவதற்குள் 90 நிமிஷம் ஓடுகிற அளவுக்கு வர இந்த ஆட்டங்கள்தான் வழி. அதனால்தான் முதல் பாதியில் 11 பேர், ரெண்டாம் பாதியில் கிட்டத்தட்ட வேற 11 பேர்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க.

ரெண்டு, ஆள் எடுக்கிறது. இங்கேதான் ‘ட்ரையலிஸ்ட்’ வர்றார். கிளப்போடு இன்னும் ஒப்பந்தம் இல்லாமல், தன்னைப் பார்த்து எடுத்துக்குவாங்களான்னு ஆட வந்திருக்கிறவர். அணிப் பட்டியலில் அவருக்குப் பேர் இருக்காது. ‘ட்ரையலிஸ்ட் ஏ’, ‘ட்ரையலிஸ்ட் பி’ன்னு மட்டும் போட்டிருக்கும். ஏன்னா அவர் இன்னொரு கிளப்பில் பேசிக்கிட்டு இருக்கலாம். இல்லைன்னா, நல்லா ஆடினா பக்கத்து கிளப் தூக்கிட்டுப் போயிடும்னு மேனேஜருக்குப் பயம். மத்தவங்களுக்கு வார்ம்-அப்பாக இருக்கிற அதே மேட்ச் இவருக்கு நேர்முகத் தேர்வு.

மூணு, காசு. இந்த அடுக்குகளில் பேர் சொல்ற மாதிரி டிவி பணம் கிடையாது. கேட்டில் வசூலாகிற டிக்கெட் பணம், பாரில் விற்கிற பீர், உள்ளூர் கடைக்காரர் தர்ற ஸ்பான்சர். அவ்வளவுதான் வண்டி ஓடுற எண்ணெய். மே முதல் ஜூலை வரைக்கும் மேட்ச்சே இல்லை, ஆனால் புல்லைப் பராமரிக்கணும், வரி கட்டணும். அதனால் மேல் அடுக்கில் இருக்கிற ஒரு கிளப் வந்து ஆடினால், அந்த ஒரு நாள் கூட்டம் பெரிய உதவி. பெரிய கிளப் பேருக்குப் பின்னாடி ‘லெவன்’னு ஒட்டியிருந்தால் மட்டும் உஷாராப் படிங்க. வரப்போறது முதல் அணி இல்லை, பெரும்பாலும் இளைஞர் அணி.

கேட் பணம் எவ்வளவு முக்கியம்னு 2021 ஜனவரியில் எல்லாரும் பார்த்தாங்க. எஃப்.ஏ. கோப்பையில் எட்டாவது அடுக்கு கிளப்பான மெரீன், தன் சொந்த மைதானத்தில் டாட்டனம் அணியைச் சந்தித்தது. கோவிட் காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வாழ்நாள் வசூல் கைநழுவிப் போற நேரத்தில், உள்ளே வரவே முடியாத மேட்ச்சுக்கு 10 பவுண்டில் ‘விர்ச்சுவல் டிக்கெட்’ விற்றார்கள். 30,000-க்கும் மேல் வித்துச்சு. 5-0 தோல்வி. ஆனால் அந்தக் காசு ஒரு சின்ன கிளப்புக்கு என்னவெல்லாம் செய்யும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த சனிக்கிழமை

நான் போனது தெற்கு லண்டனில் எட்டாவது அடுக்கு கிளப் ஒண்ணு. எதிரணி ரெண்டு படி மேலே இருக்கிற பக்கத்து வட்டாரக் கிளப். மூணு மணிக்கு ஆரம்பம்.

ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஒரே மாதிரி செங்கல் வீடுகள். மைதானம் இருக்கிற அறிகுறியே இல்லை. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஃப்ளட்லைட் கம்பம் தெரிஞ்ச பிறகுதான் நம்பிக்கை வந்தது. ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சந்து, அதன் முடிவில் ஒரு ஆள் மட்டும் நுழையற சுழல்கேட். உள்ளே ஒரு தாத்தா உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தார். “மெம்பரா?”ன்னு கேட்டார். இல்லைன்னேன். “ஆயிடுவீங்க”ன்னு டிக்கெட்டைக் கொடுத்தார்.

உள்ளே ஒரு பக்கம் மட்டும் மர இருக்கைகளோட சின்ன ஸ்டாண்ட். மத்த மூணு பக்கமும் கான்கிரீட் படிகள், இடுப்பு உயரக் கம்பி. நின்னுதான் பார்க்கணும். 1989 ஹில்ஸ்பரோ விபத்தில் 97 பேர் உயிரிழந்த பிறகு, மேல் ரெண்டு டிவிஷன் மைதானங்கள் முழுக்க இருக்கை போட வேண்டியதாச்சு. இந்தச் சின்ன மைதானங்களில் பழைய நிற்கும் படிகள் அப்படியே இருக்கு. கூட்டம் சில நூறு பேர் என்பதால் நெரிசலும் இல்லை, ரெண்டு அணி ரசிகர்களைப் பிரிக்கிற வேலியும் இல்லை.

இன்னொரு வித்தியாசம் கையில் இருக்கிற கிளாஸ். 1985-ல் வந்த ஒரு சட்டப்படி, மேல் ஐந்து அடுக்கு மேட்ச்சுகளில் ஆடுகளம் தெரியற இடத்தில் நின்னு மது குடிக்கக் கூடாது. ஆறாவது அடுக்கில் இருந்து அந்தத் தடை கிடையாது. பாரில் பீர் வாங்கி கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கிறாங்க. நான் டீயோட நின்னேன். டீக்கடை ஒரு கன்டெய்னர் பெட்டிதான். பக்கத்திலேயே பர்கர், சிப்ஸ்.

மேட்ச் ஆரம்பிச்சதும் முதலில் கவனிச்சது சத்தம். டிவியில் கூட்டத்தோட இரைச்சல்தான் கேட்கும். இங்கே ஆடுறவங்க பேசுறது ஒவ்வொண்ணும் காதில் விழுது. கோல்கீப்பர் 90 நிமிஷமும் வாயை மூடலை. ‘மேன் ஆன்!’னு கத்தினா, பின்னாடி ஆள் வர்றான், பார்த்துக்கோன்னு அர்த்தம். டிஃபெண்டர்கள் ஏன் சட்டுனு திரும்பறாங்க, ஏன் பந்தை வெளியே அடிக்கிறாங்கன்னு டிவியில் புரியாத பல விஷயம் இங்கே காதாலேயே புரியும். பந்து அடிக்கடி பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போகும். ஒரு சின்னப் பையன் ஓடிப்போய் எடுத்துட்டு வருவான்.

இருபதாவது நிமிஷம் ஒரு கார்னர். ஹோம் அணியோட ரைட் பேக், நம்பர் 2, தலையால் முட்டி கோல். ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் ரொம்ப கம்பீரமா, “கோல் அடித்தவர்... நம்பர் 2... ட்ரையலிஸ்ட்!” கூட்டமே சிரிச்சுது, கூடவே நல்லா கைதட்டல்.

என் பக்கத்தில் கம்பியில் சாஞ்சு ஒரு பொண்ணு ஃபோனில் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நம்பர் 2-வோட அக்கா. காலையில் ஆறு மணிக்கு பார்சல் டெலிவரிக்குப் போயிட்டு, பாதி ஷிஃப்ட்டை இன்னொருத்தருக்கு மாத்திவிட்டு வந்திருக்கான்னு சொன்னாங்க. போன சீசன் ஆடின கிளப்பில் அவனை வைச்சுக்கலை. இந்த ஜூலையில் இது மூணாவது கிளப். முதல் ரெண்டிலும் “கூப்பிடுறோம்”னு சொன்னாங்களாம். யாரும் கூப்பிடலை.

இடைவேளையில் வேடிக்கை. ஹோம் அணி எந்த கோலை நோக்கி அடிக்குதோ அந்தப் பக்கம் நிக்கிறதுதான் இங்கே வழக்கம். அதனால் பாதி கூட்டம் டீயும் பீருமா மைதானத்தைச் சுத்தி நடந்து எதிர்ப்பக்கம் போகுது. எதிரணி ரசிகர்கள் அங்கிருந்து இங்கே வர்றாங்க. நடுவில் சந்திச்சு, “உங்க புது கோல்கீப்பர் பரவாயில்லையே”ன்னு பேசிக்கிறாங்க. ஒருத்தர் வாளியோட லாட்டரி சீட்டு விற்கிறார். சேர்ற பணத்தில் பாதி ஜெயிச்சவருக்கு, மீதி கிளப்புக்கு. அவருக்கும் டீக்கடை அம்மாவுக்கும் கேட் தாத்தாவுக்கும் சம்பளம் கிடையாது. கம்பிக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சதும் ரசிகர்கள்தான், ஜூன் மாசத்து ரெண்டு சனிக்கிழமை.

அறுபதாவது நிமிஷம் நம்பர் 2-வை வெளியே எடுத்தாங்க. புல்லில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கிட்டு இருந்தான். மேனேஜர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அரை நிமிஷம் ஏதோ பேசினார், தோளில் தட்டினார், போயிட்டார். அக்கா ஃபோனை இறக்கிட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் கேட்கலை. அந்தப் பையன் நிமிர்ந்து எங்க பக்கம் பார்த்து, சத்தமில்லாம வாயை மட்டும் அசைச்சான்: செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வேலை கிடைச்சிடலை. கதவு மூடலை, அவ்வளவுதான். அக்கா என் தோளைப் பிடிச்சு உலுக்கின உலுக்கலில் டீ சிந்திடுச்சு.

மேட்ச் 3-1, எதிரணி ஜெயிச்சுது. வெளியே போறப்ப யாரும் அதைப் பத்திப் பேசலை.

2002 ஜூலை 10

ஒரு பையனோட எதிர்காலம் மட்டும் இல்லை, ஒரு கிளப்போட எதிர்காலமே ஃப்ரெண்ட்லியில் தொங்கின நாள் ஒண்ணு இருக்கு.

விம்பிள்டன்னா நமக்கு டென்னிஸ். ஆனால் அங்கே ஒரு ஃபுட்பால் கிளப்பும் இருந்தது. நான்-லீக்கில் ரொம்ப காலம் ஆடி, 1977-ல் அந்தப் பழைய ஓட்டெடுப்பு முறையில் உள்ளே வந்து, 1988-ல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையையே தூக்கின கிளப். 1991-ல் அவர்கள் தங்கள் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு இன்னொரு கிளப்பின் மைதானத்தில் குடியிருக்கப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, உரிமையாளர்கள் கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு மாற்றக் கேட்டார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட குழு, 2-க்கு 1 என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் தனியாகப் புது கிளப் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில் ஒரு வரியும் அந்தக் குழுவின் அறிக்கையில் இருந்தது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். தாங்களே சொந்தக்காரர்களாக இருக்கிற ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். கையில் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் என்ற பொது வெளியில் திறந்த தேர்வு வைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஆமாம், அத்தனை பேரும் ட்ரையலிஸ்ட்!

லீக் மேட்ச் ஆட வேண்டுமென்றால் உறுப்பினர் ஆக வேண்டும், மைதானம் விதிகளுக்குப் பொருந்த வேண்டும், அட்டவணை வர வேண்டும். ஃப்ரெண்ட்லிக்கு அவ்வளவு தேவையில்லை. “சரி, எங்க மைதானத்துக்கு வாங்க”ன்னு சொல்ல ஒரு எதிரணி வேணும். பக்கத்து நான்-லீக் கிளப்பான சட்டன் யுனைடெட் அப்படிச் சொன்னது. தீர்ப்பு வந்து 43-வது நாள், ஜூலை 10, சட்டனின் கேண்டர் கிரீன் லேன் மைதானம். ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் முதல் மேட்ச். 4-0 தோல்வி.

ஆனால் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஆறு வாரத்துக்கு முன் இல்லாத ஒரு அணிக்கு! கிளப்பு என்பது ஊரை விட்டுப் போன லைசென்ஸா, இங்கேயே நிற்கிற மக்களான்னு அதுவரைக்கும் வாயால்தான் சண்டை. அன்னைக்கு மக்கள் கேட்டில் வரிசையில் நின்னு பதில் சொன்னாங்க. கூட்டம் வராமல் இருந்திருந்தால் ஆட்டக்காரர்களுக்கும் நம்பிக்கை வந்திருக்காது, பணமும் வந்திருக்காது.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஒரு வட்டார லீக்கில் தொடங்கி ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை மேலே ஏறி, 2011-ல் பெனால்டியில் லூட்டன் அணியை வென்று ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள், பழைய இடத்துக்கு மிக அருகில் கட்டிய புது மைதானத்துக்கு.

மைதானம் போனால் என்ன ஆகும்?

எல்லாருக்கும் இப்படி அமையறதில்லை. லண்டனில் நிலத்தோட விலை தெரியும்ல. ரெண்டு கோல் போஸ்ட்டுக்கு நடுவில் இருக்கிற புல்வெளியைப் பார்த்து அடுக்குமாடிக் கணக்குப் போடுறவங்க நிறைய.

தெற்கு லண்டனில் 1893-ல் தொடங்கிய டல்விச் ஹேம்லெட் கிளப்பை எடுத்துக்கோங்க. அவர்களுடைய சாம்பியன் ஹில் மைதானத்தில் 1948 ஒலிம்பிக்கில் தென் கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றது. 2018 மார்ச்சில் நில உரிமைத் தகராறில் கிளப்பை அந்த இடத்தை விட்டே வெளியேற்றினார்கள். இன்னொரு நான்-லீக் கிளப் இடம் கொடுத்தது. அகதி மாதிரி ஆடிக்கிட்டே அந்த சீசனில் ஒரு அடுக்கு மேலேயும் போனார்கள். ரசிகர்களும் ஊர் மக்களும் விடாமல் குரல் கொடுத்ததில் அந்த டிசம்பரில் வீடு திரும்பினார்கள்.

அதே 1948 ஒலிம்பிக். ஜூலை 31, லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்ட். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் மேட்ச், பிரான்சுக்கு எதிராக. நம்மவர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலில் ஆடினார்கள். ரெண்டு பெனால்டி வீணாச்சு. 2-1 தோல்வி. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இன்னைக்கு இல்ஃபோர்டில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த ஊரில்தான் அந்த கோல் விழுந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், அந்த ஊரோட பழைய ஃபுட்பாலே கலைஞ்சு போனது. இல்ஃபோர்ட் கிளப் தன் மைதானத்தை விற்றுவிட்டு 1979-ல் லேட்டன்ஸ்டோன் கிளப்போடு இணைந்தது. 1988-ல் வால்தம்ஸ்டோ அவென்யூ அதில் சேர்ந்தது. 1992-ல் டேகனமும் சேர்ந்தது. இப்போ அது ‘டேகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ்’. நாலு கிளப்புக்கு மிச்சம் ஒரே மைதானம், டேகனமுடையது. மத்த மூணு இடத்திலும் வீடுகள். இல்ஃபோர்ட் பேரில் பின்னாடி வேறொரு கிளப் தொடங்கினாங்க. ஆனால் பல வருஷமா ஒரே இடத்தில் தாத்தா, அப்பா, பேரன்னு வந்து நின்ன அந்தப் படி திரும்பி வராது.

சின்ன மைதானத்துக்கு நீங்க கொடுக்கிற டிக்கெட் காசு இதைத்தான் கொஞ்சம் தள்ளிப்போடுது. பெரிய கிளப்புக்கு ஒரு ஆள் வரலைன்னா தெரியாது. முன்னூறு பேர் வர்ற இடத்தில் ஒரு ஆள் கூடினா, கேட்டில் இருக்கிற தாத்தாவுக்கே தெரியும்.

போகணும்னா

நம்ம கேட்கிறவங்களில் நிறைய பேர் இங்கிலாந்தில் படிக்கிறீங்க, வேலை பார்க்கிறீங்க. நீங்க இருக்கிற ஊரிலும் நடந்தோ பஸ்ஸிலோ போற தூரத்தில் ஒரு நான்-லீக் கிளப் இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கு. சில குறிப்புகள்.

ஜூலை சனிக்கிழமை மதியம் மூணு மணி, இல்லைன்னா வார நாட்களில் மாலை ஏழரை வாக்கில் ஃப்ரெண்ட்லி இருக்கும். கிளப்போட சோஷியல் மீடியா பக்கத்தைக் காலையில் ஒரு தடவை பார்த்துட்டுக் கிளம்புங்க, கடைசி நேரத்தில் எதிரணியே மாறும். டிக்கெட் பிரீமியர் லீக்கோடு ஒப்பிட்டால் சொற்பம். கொஞ்சம் ரொக்கமும் வைச்சுக்கோங்க.

அரை மணி முன்னாடி போய் அணிப் பட்டியலில் ட்ரையலிஸ்ட் யாருன்னு பாருங்க. ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அவரை மட்டும் கவனிங்க. மேட்ச் வேற மாதிரி தெரியும். அவர் பேர் தெரிஞ்சுட்டாலும் ஆன்லைனில் போடாதீங்க, அவர் பிழைப்பு அது.

ஜூலையைத் தவறவிட்டா சீசனில் ‘நான்-லீக் டே’ன்னு ஒண்ணு வரும். 2010-ல் தொடங்கினது. சர்வதேச ஆட்டங்களுக்காக பிரீமியர் லீக் ஓய்வெடுக்கிற சனிக்கிழமையில் வைப்பாங்க. உங்க பெரிய கிளப்புக்குத் துரோகம் பண்ணின மாதிரியும் ஆகாது!

போயிட்டு வந்தா எந்த ஊர், எந்த கிளப்பு, டீ எப்படி இருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.